மூணு நாள், ஒரு மக், ஒரு தாள்

போன வருஷம் பெரியம்மாவுக்கு ஒரு டாக்டர் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். மணி என்ன, குடித்தது எவ்வளவு, சிறுநீர் போனது எவ்வளவு, அவசரமாக வந்ததா, வழியிலேயே கசிந்ததா. மூன்று நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பெரியம்மாவுக்கு 67 வயது. ராத்திரி அடிக்கடி எழுந்திருப்பார். முதலில் பார்த்த டாக்டர் "வயசானா அப்படித்தான்" என்றார். அடுத்தவர் சிறுநீர்ப்பையை அடக்கும் மாத்திரை கொடுத்தார். வாய் உலர்ந்ததுதான் மிச்சம். மூன்றாவது ஆளும் மருந்து தராமல் தாளைத் தந்ததில் அவருக்கு ஏக வருத்தம். வண்டியில் வழியெல்லாம் புலம்பல்.

எனக்கோ அந்தத் தாளைப் பார்த்ததும் லாக் ஃபைல் ஞாபகம் வந்தது. இதை யார் முதலில் யோசித்திருப்பார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

உடம்புக்குள் போவதையும் வெளியே வருவதையும் அளந்து எழுதும் பழக்கம் ரொம்பப் பழசு. இத்தாலியில் சாந்தோரியோ என்ற மருத்துவர் தராசில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டையும் கழிவையும் வருஷக்கணக்கில் எடைபோட்டு 1614-ல் புத்தகமே போட்டார். ஆனால் அவர் அளந்தது தன்னை. பெண்களின் சிறுநீர்ப்பைக்கு அளவுகோல் வந்தபோது, அது அவர்கள் கையில் இல்லை.

1880-களின் தொடக்கத்தில் டூரின் நகரில் மொஸ்ஸோ, பெல்லகானி என்ற இருவர் பெண்களின் சிறுநீர்ப்பைக்குள் டியூப் செலுத்தி, அது சுருங்குவதைக் கருவியில் கோடாகப் பதிவு செய்தார்கள். லேசாகத் தொட்டாலும், பேச்சுக் கொடுத்தாலும் சிறுநீர்ப்பை சுருங்கியது. மனசில் நடப்பது உடனே அங்கே தெரிகிறது! வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் தன் உளவியல் நூலில் இதை எடுத்துச் சொல்கிறார். எனக்கு இதில் வேறொன்று பட்டது. பக்கத்தில் ஒருத்தர் பேசினாலே மாறிவிடும் உறுப்பை, முன்பின் தெரியாதவர்கள் சுற்றி நிற்கும் அறையில் வைத்து அளந்தால் கிடைப்பது வீட்டு நிலவரமா, அந்த அறையின் நிலவரமா?

அந்தக் கேள்வியை ரொம்ப நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1927-ல் அமெரிக்காவில் ரோஸ் என்பவர் சிஸ்டோமீட்டர் என்று கருவிக்குப் பேர் வைத்தார். 1970-ல் லண்டனில் பேட்ஸ், டர்னர்-வார்விக் குழுவினர் அழுத்தத்தையும் எக்ஸ்ரே படத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, நோயாளி சொல்லும் அறிகுறியும் உள்ளே நடப்பதும் பல நேரம் பொருந்துவதில்லை என்று காட்டினார்கள். சிறுநீர்ப்பை நம்ப முடியாத சாட்சி என்ற பேச்சு அதிலிருந்துதான் பரவியது. அவர்கள் செய்தது நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் சாட்சியை நம்ப முடியாது என்றால் கூண்டில் நிற்பது யார்? அந்தப் பெண்தான்.

எங்கள் தொழிலில் இது தினசரி சண்டை. கஸ்டமர் "தொங்குது" என்பார், நாம் "எங்க பக்கம் ரீப்ரொட்யூஸ் ஆகலையே" என்போம். கஸ்டமர் சொல்வது துல்லியமாக இருக்காது. நம்ம டெஸ்ட் மெஷினும் அவர் மெஷின் கிடையாது. ரெண்டு பேரும் கடைசியில் புரொடக்‌ஷன் லாகைத்தான் பார்க்கணும். மெடிக்கல் உலகமும் அங்கேதான் வந்து சேர்ந்தது.

1988-ல் இரண்டு முக்கியமான ஆய்வுகள். ஸ்வீடனில் லார்சன், விக்டர் இருவரும் எந்தத் தொந்தரவும் இல்லாத 151 பெண்களை ரெண்டு நாள் அளந்து எழுதச் சொன்னார்கள். ஒரு நாளில் சராசரியாக ஆறு தடவைக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு தடவைக்குச் சுமார் 250 மி.லி. எது சாதாரணம் என்பதே இப்படித்தான் தெரியவந்தது. அமெரிக்காவில் வைமன், ஃபான்டல் குழு, கசிவுத் தொந்தரவு உள்ள 50 பெண்களை ரெண்டு வாரம் எழுத வைத்து, முதல் வாரத்தையும் இரண்டாம் வாரத்தையும் ஒப்பிட்டது. பெரும்பாலும் ஒத்துப்போயின. ஒரு வாரக் குறிப்பே போதும் என்று முடிவானது.

அப்புறம் அதுவும் சுருங்கி, இன்று பொதுவாக மூன்று நாள். காரணம் ரொம்பச் சாதாரணம்: ஜனங்கள் அலுத்துப்போகிறார்கள். 2002-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் (இது வலி பற்றிய டைரி) காகித நோட்டுக்குள் வெளிச்சத்தை உணரும் சென்சாரை ஒளித்து வைத்தார்கள். சொன்ன நேரத்தில் எழுதியதாக நோட்டு காட்டியது 90%. சென்சார் காட்டியது 11%. மீதி அந்தந்த நேரத்தில் எழுதியதே இல்லை. நம்ம டைம்ஷீட் மாதிரியேதான்.

அதே 2002-ல் சர்வதேச கான்டினென்ஸ் சங்கம் பேர்களை வகுத்தது. நேரம் மட்டும் எழுதினால் ஒரு பேர், அளவும் சேர்ந்தால் இன்னொன்று. குடித்தது, அவசரம், கசிவு, மாற்றிய பேட் எல்லாம் சேர்ந்தால்தான் பிளாடர் டைரி. வேண்டாத நுணுக்கம் என்று முதலில் நினைத்தேன். இல்லை, குடித்த கணக்கு இல்லாவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

இந்தத் துறையில் ஒரு விஷயம் மட்டும் எரிச்சலாக இருக்கிறது. பகலில் எத்தனை தடவை போகிறோம் என்பதைப் பெண்கள் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று 2009-ல் ஒரு கட்டுரை வந்தது, தலைப்பே அதுதான். இருக்கலாம். நேற்று எத்தனை காபி குடித்தேன் என்று கேட்டால் எனக்கும் சரியாகச் சொல்ல வராது. டைரி தேவைப்படுவது மனுஷ ஞாபகம் இப்படி என்பதால். பெண்கள் மிகைப்படுத்துவார்கள் என்பதால் இல்லை.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். சமையலறையிலிருந்து கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று பாத்ரூமுக்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்தது. பெரியம்மாவின் ஃபேன்சி ஸ்டோர் பில் புக் மாதிரியே கையெழுத்து, நேர்த்தி. மூன்று நாள் கழித்து நான் எக்ஸெலில் ஏற்றினேன். ஒரு நாளுக்குச் சுமார் 1,600 மி.லி. அதில் ராத்திரியும் விடிந்து முதல் தடவையும் சேர்த்து 700-க்கு மேல். 65 வயது தாண்டியவர்களுக்கு ராத்திரிப் பங்கு 33 சதவீதத்தைத் தாண்டினாலே கவனிக்கணும் என்கிறார்கள், இது 44. ஒவ்வொரு தடவையும் 200 மி.லி.க்குக் குறையவில்லை. சிறுநீர்ப்பை ஒழுங்காகத்தான் பிடித்து வைத்திருந்தது, ராத்திரியில் நிறைய வந்து சேர்ந்ததுதான் பிரச்சினை. அதற்குப் போய் சிறுநீர்ப்பையை அடக்க மாத்திரை!

டாக்டர் தாளில் 'குடித்தது' பத்தியில்தான் விரலை வைத்தார். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஏழு வரைக்கும் ஒரே ஒரு டம்ளர் டீ. அப்புறம் வீட்டுக்கு வந்து தூங்கப் போவதற்குள் ஒன்றேகால் லிட்டர் தண்ணி, மோர். கணுக்காலை அமுக்கிப் பார்த்தார், பள்ளம் விழுந்தது. நாளெல்லாம் கல்லாவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததில் இறங்கிய நீர், படுத்த பிறகு ரத்தத்துக்குத் திரும்பி, ராத்திரியில் சிறுநீராகிறது என்றார். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் டெஸ்ட் எழுதினார். மாத்திரையை நிறுத்தினார்.

"ஏம்மா, பகல்ல தண்ணியே குடிக்க மாட்டீங்களா?"

"குடிச்சா போகணுமே டாக்டர். எங்க கடைத்தெருவுல லேடீஸுக்கு பாத்ரூம் எங்க இருக்கு?"

டாக்டர் அதையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.