ஊருக்குப் போகும்போது ஆமையையும் பாம்பையும் யாரிடம் விடுவது?

கோலா கிளாவாங்: தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும்போது நாய், பூனையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ஆள் கிடைத்துவிடும். பால் பைத்தன் பாம்பையோ லெப்பர்ட் கெக்கோ பல்லியையோ "ஒரு வாரம் பார்த்துக்கோங்க அக்கா" என்றால், அக்கா கதவைச் சாத்திவிடுவார். இங்குள்ளது போன்ற சிறு பட்டணங்களிலும் தோட்டங்களிலும், வீட்டுக்கே வந்து பார்க்கக்கூடிய ஒருவரை முன்கூட்டியே பழக்கி வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். கூண்டோடு இடம் மாற்றினால் பிராணி மிரண்டு பல நாள் தீனி எடுக்காமல் கிடக்கும்.

பார்க்க வருபவர் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். உண்மையில் அது சின்னக் கவலை. வளர்ந்த பால் பைத்தனுக்கு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஓர் எலி போதும். பயணத்துக்குச் சில நாள் முன்பே ஊட்டி, செரிக்க விட்டுப் புறப்பட்டால், ஒரு வாரத்துக்குத் தண்ணீர் மாற்றினால் போதும். கெக்கோ தன் வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். குட்டிகளுக்குத்தான் அடிக்கடி தீனி வேண்டும். ஆர்வக்கோளாறில் நிறைய வெட்டுக்கிளிகளைக் கூண்டில் போட்டுவிட்டுப் போனால், மிஞ்சியவை இரவில் பல்லியையே கடிக்கும். ஆமைத் தொட்டியிலோ அதிகத் தீனி தண்ணீரைக் கெடுத்துவிடும்.

பெரிய ஆபத்து வெப்பம். ஊர்வன தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்குவதில்லை. சுற்றுப்புறத்தை நம்பியே வாழ்கின்றன. பால் பைத்தனுக்குக் கூண்டின் ஒரு பக்கம் 32 டிகிரி செல்சியஸ் அளவிலும் மறுபக்கம் 26 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். தகரக் கூரை வீட்டைச் சன்னல் சாத்திப் பூட்டிவிட்டு, விளக்கையும் எரியவிட்டுப் போனால் கூண்டு அடுப்பாகிவிடும். தெர்மோஸ்டாட்டும் ஒரு வெப்பமானியும் கட்டாயம் வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

நம்பகமானவரைக் கண்டுபிடிக்கப் பேச்சு போதாது. பாம்பைக் கையில் பிடித்துக் காட்டும் துணிச்சல்காரரைவிட, கூண்டைத் தாழிட்ட பிறகு ஒருமுறை இழுத்துப் பார்க்கும் பயந்தாங்கொள்ளி மேல். பயணத்துக்கு முன் இரண்டு முறை வரவழைத்து, எல்லா வேலையையும் அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். தினமும் வெப்பமானியின் அளவையும் பிராணியையும் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் பிராணியை ஒப்படைக்க வேண்டாம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மலைப்பாம்பு உள்ளிட்ட பாதுகாக்கப்பட்ட பிராணிகளை வளர்க்க, 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்ஹிலித்தான் இலாகாவின் உரிமம் வேண்டும். 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. வேறொருவர் வீட்டில் விடுவதாக இருந்தால் முதலில் இலாகாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமமே இல்லாத பிராணியை ஒப்படைத்தால், உதவ வந்தவரும் வம்பில் மாட்டிக்கொள்வார்.

அவசரத்துக்கு எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. புக்கிட் தங்கா மலைச்சாலையில் இறங்கிச் சிரம்பானுக்கோ, அதையும் தாண்டியோ போக வேண்டிவரலாம். எந்த கிளினிக், யார் வண்டி, எவ்வளவு வெள்ளி வரை செலவு செய்யலாம் என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆள் கிடைக்காத சிலர் சிவப்புக் காது ஆமையைக் கோயில் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்ற நினைப்பு வேறு! அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இந்த ஆமை, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர் ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். வாங்கிய கடையிலேயே கட்டணம் கொடுத்துச் சில நாள் வைத்திருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் முடியாதென்றால், ஆமை வளர்த்துப் பழகிய இன்னொருவரிடம் நிரந்தரமாகவே கொடுத்துவிடலாம்.