பிளன்டயர் நகரம் கற்பித்த பாடம்

மனிதன் நோயோடு நிகழ்த்திய போராட்டத்தின் வரலாற்றிலே, வென்ற படைக்கலமே பின்னர் பகைவனுக்குத் துணையாகிய சந்தர்ப்பங்களும் உள. ஆபிரிக்காவின் மலாவி நாட்டில், பிளன்டயர் நகரில் நிகழ்ந்தது அவற்றுள் ஒன்றாகும்.

சல்மனெல்லா என்னும் பற்றீரியா உணவோடும் நீரோடும் உடலினுட் புகுவது. அதன் வகைகளுட் பல, நலமுள்ளோருக்குச் சில நாள் வயிற்றோட்டத்தை உண்டாக்கி அகல்வன. அவை குடலைக் கடந்து குருதியிற் பரவாதவாறு வெண்குழியங்கள் காவல்புரிகின்றன. 1981ஆம் ஆண்டில் உலகம் அறிந்த எயிட்சு நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. வைரசு, 1983இல் இனங்காணப்பட்டது. அது அழிப்பது இந்தக் காவலையே. காவல் குலைந்தோரின் குருதியிற் சல்மனெல்லா தடையின்றிக் கலந்தது. வயிற்றோட்டமின்றி வெறுங் காய்ச்சலாகவும் அது தோன்றியமையால், மலேரியாவென மயங்குதற்கு இடமுண்டாயிற்று. குருதியைச் சோதனைச்சாலையில் வளர்த்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

இக்கிருமிகளின் பரம்பரை அலகுகளை ஒப்புநோக்கிய அறிஞர், 2012ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஆபிரிக்காவிற் பரவிய கிருமியில் இரு கிளைகள் இருந்தன. ஒன்று 1960ஆம் ஆண்டளவிலும், மற்றையது 1977ஆம் ஆண்டளவிலும் தோன்றியவை என அவர்கள் கணித்தனர். எச்.ஐ.வி. பரவிய காலமும் இவை பரவிய காலமும் பெரிதும் ஒத்திருந்தன.

குளோரம்பெனிக்கால் என்னும் மருந்து, 1947இல் வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெறப்பட்டது. நெருப்புக்காய்ச்சலைத் தணித்துப் புகழ்பெற்ற அம்மருந்து விலையும் மலிந்தது. ஆதலின், பிளன்டயரிலும் கடுங்காய்ச்சலுக்கு அதுவே வழங்கப்பட்டது. முதற்கிளை அதற்குப் பணிந்தது. இரண்டாங் கிளையோ அதனை முறியடிக்கும் பரம்பரை அலகைப் பெற்றிருந்தது. மருந்து முதற்கிளையை அழித்தது. அழிந்ததன் இடத்தை, 2000ஆம் ஆண்டை அடுத்து, இரண்டாங் கிளை கைப்பற்றிக்கொண்டது. மருந்து புதிய கிருமியைப் படைக்கவில்லை. முன்னரே இருந்த வலிய கிருமிக்கு வழியை விலக்கிவிட்டது.

அதன்பின் வைத்தியர்கள் செவ்ற்றியாக்சோன் என்னும் ஊசிமருந்தை நாடினர். காலப்போக்கில் அதற்கும் பணியாத சல்மனெல்லா அங்கே காணப்பட்டது. ஆயினும், துன்பத்தை உண்மையாகத் தணிக்க உதவியது வேறொன்று. 2004ஆம் ஆண்டிலே மலாவி அரசு எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. நோயாளரின் உடற்காவல் மீண்டது. வளர்ந்தோரிடையே இக்குருதித் தொற்றும் பையப்பையக் குறைந்தது.

பெனிசிலினைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங், 1945ஆம் ஆண்டில் நோபல் பரிசுபெற்று ஆற்றிய உரையிலேயே, அளவறியாது உண்ணும் மருந்து கிருமிகளுக்கு எதிர்ப்பைக் கற்பிக்குமென எச்சரித்தார். பிளன்டயரின் வரலாறு அதனுடன் இன்னொன்றையும் சேர்க்கின்றது. புதிய படைக்கலங்களைத் தேடுவது மாத்திரம் போதாது. இடிந்த மதிலைக் கட்டுவதே முதற்கடன். வெள்ளம் வருமுன் அணைகோலுதல் என்பது இதுவேயாகும்.