வண்டல் தின்ற துறைமுகம்

வண்டல்னா எங்களுக்கு வரம். ஏரி வண்டலை வண்டி வண்டியா அடிச்சு வயல்ல கொட்டினா அடுத்த வெள்ளாமை தானா பேசும். இதே வண்டல் ரோமாபுரிக்குச் சோறு போட்ட துறைமுகத்தையே தின்னுட்டுப் போயிருக்கு. நம்புவீங்களா?

ரோம் கடலோர ஊர் இல்லை. டைபர் ஆற்றங்கரையில், கடலில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கே பல லட்சம் வாய்கள். சாப்பிட்ட கோதுமையில் பெரும்பங்கு எகிப்தில் இருந்தும் வட ஆப்பிரிக்காவில் இருந்தும் கப்பலில்தான் வரணும். ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த ஊர் ஓஸ்டியா. லத்தீனில் 'வாய்' என்ற சொல்லில் இருந்து வந்த பேர்.

சமீப வருஷங்களில் பிரெஞ்சு, இத்தாலிய ஆய்வாளர்கள் அங்கே நாம போர் போடுற மாதிரி குழாய் இறக்கி மண் எடுத்தார்கள். அடியில் மணல். அதுக்கு மேல் அசையாத தண்ணீரில் மட்டுமே படியும் நைஸான களிமண். அதுக்கும் மேல் வெள்ளம் அடிச்சுட்டு வந்த படிவு. நடுவில் இருந்த அந்தக் களிமண்தான் பழைய துறைமுகக் குளம். அது தூர்ந்து போன கதையை மண்ணே வரிசையாச் சொல்லுது.

ஸ்ட்ராபோ என்ற அந்தக் காலத்துப் புவியியல் அறிஞரும் இதையே எழுதியிருக்கிறார். ஆற்று மண்ணால் ஓஸ்டியாவில் துறைமுகமே இல்லை, பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டுப் படகில் சரக்கு இறக்க வேண்டியிருந்தது என்கிறார். புயல் அடிச்சா தலைநகரத்துக்கே பட்டினி.

அதனால் கி.பி. 42-ல் கிளாடியஸ் பேரரசர் சில கிலோமீட்டர் வடக்கே 'போர்டுஸ்' என்ற புதுத் துறைமுகத்தைத் தொடங்கினார். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கால்வாய்களும் வெட்டினார். இதனால் ரோம் வெள்ள ஆபத்தில் இருந்து தப்பிச்சதுன்னு கல்வெட்டும் வெச்சாச்சு. ஆனா கி.பி. 62-ல் அடித்த புயலில் துறைமுகத்துக்குள் நின்ற கப்பல்களே 200 போச்சு. பிறகு டிராஜன் உள்ளே தள்ளி, ஒரு பக்கம் சுமார் 358 மீட்டர் நீளத்தில் அறுகோணக் குளம் வெட்டினார். அவர் காலத்திலேயே, கால்வாய் இருந்தும் டைபர் கரை மீறியதை பிளினி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

ராஜாக்கள் போனாங்க, ஆறு தன் வேலையை நிறுத்தலை. பேரரசு தளர்ந்து தூர்வார ஆளில்லாமல் போனதும் போர்டுஸும் மேடாச்சு. 1557-ல் பெருவெள்ளம் வந்து டைபர் ஒரு வளைவையே அறுத்துக்கொண்டு நேரே ஓடியது. விட்டுப்போன தடத்துக்கு 'செத்த ஆறு'ன்னு பேர். இன்னைக்கு ஓஸ்டியா இடிபாடுகளில் இருந்து கடலுக்கு சுமார் 3 கிலோமீட்டர் போகணும். அத்தனையும் ஆறு கொடுத்த நிலம்.

ஆனா அது முதலில் விளைநிலமா இல்லை, கொசு மண்டின சதுப்பு. 1884-ல் ராவென்னா பகுதியில் இருந்து வேலையில்லாத கூலித் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் வந்து, மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடித்தார்கள். மலேரியாவில் நிறையப் பேர் செத்தார்கள். துறைமுகம் கட்டின பேரரசர்கள் பேர் நமக்குத் தெரியுது. அந்த மண்ணை வயலாக்கினவங்க பேரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

ரோம் விமான நிலையமும் இந்தப் பகுதியில்தான். 1950-களின் கடைசியில் அதைக் கட்டத் தோண்டியபோது ரோமானியக் கப்பல்களே கிடைத்தன. நீங்க யாராவது அந்தப் பக்கம் பறந்தா ஜன்னல் வழியாப் பாருங்க. டிராஜன் வெட்டின அறுகோணக் குளம் தண்ணியோட இன்னும் இருக்கு. சுத்தி மரமும் வயலும், கப்பல் வர வழிதான் இல்லை.