உடைக்கேற்ற வண்டியும் வண்டிக்கேற்ற உடையும்: தாம்பரம் வட்டாரத்தில் சைக்கிள் கால்சட்டையின் கதை

சைக்கிள் ஓட்டுவதற்கென்றே தைக்கப்படும் இறுக்கமான அரைக்கால்சட்டைகள் இரண்டு வகைப்படும். இடுப்பில் எலாஸ்டிக் பட்டையோ நாடாவோ கொண்டு நிற்பது ஒரு வகை. இதுவே சாதாரண சைக்கிள் ஷார்ட்ஸ். இடுப்பில் இறுக்கம் எதுவும் இல்லாமல், இரண்டு பட்டைகள் தோள்மீது ஏறிக் கால்சட்டையைத் தூக்கிப் பிடிப்பது மற்றொரு வகை. இதனைப் பிப் ஷார்ட்ஸ் என்பர். இரண்டிலும் உட்காரும் இடத்தில் மெத்தென்ற ஒரு திண்டு வைத்துத் தைக்கப்பட்டிருக்கும்.

விடியற்காலையில் ஜி.எஸ்.டி. சாலையிலும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலும் கூட்டமாகப் போகும் சைக்கிள்காரர்களிடம் இவ்விரண்டையும் காணலாம். எது வாங்கலாம் என்ற கேள்வி, புதிதாகச் சேர்ந்தவர் எவரும் முதல் மாதத்திலேயே கேட்பது. அதற்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பாதி ஐரோப்பாவில் நடந்தது. மறுபாதி இங்கேயே, சைக்கிளுக்கென்று தனி உடை எதுவும் தேவைப்படாத காலத்தில் நடந்தது.

உடைக்கேற்ற வண்டி

சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என்று குடியிருப்புகள் ரயில்பாதையின் இருபுறமும் வளர வளர, வீட்டிலிருந்து நிலையம் வரை செல்லும் வண்டியாகச் சைக்கிள் நிலைபெற்றது. நிலையத்தை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டில் விட்டுவிட்டு ரயிலேறி, மாலையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது புறநகர் வாழ்க்கையின் வழக்கமாயிற்று. போகும் தூரம் இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டர். அதற்கு எந்த உடையும் போதும்.

மடித்துக் கட்டிய வேட்டி, லுங்கி, கால் நுனியில் கிளிப் மாட்டிய பேண்ட், காவலரும் தபால்காரரும் அணிந்த காக்கி அரைக்கால்சட்டை ஆகிய எல்லாமே சைக்கிள் உடைதான். உடை மாறவில்லை, வண்டிதான் உடைக்கேற்ப வளைந்து கொடுத்தது. 1949இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குழுமமும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையின் இன்னொரு புறமான அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகளை அனுப்பியது. அப்படிப்பட்ட ஒரு வண்டியைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள். வேட்டியில் எண்ணெய்க் கறை படாமலிருக்கச் செயின் கவர். சேறு தெறிக்காமலிருக்க மட்கார்ட். புடவைக்கும் பாவாடைக்கும் இடம்விட்டு, குறுக்குக் கம்பியைத் தாழ்த்திய லேடீஸ் சைக்கிள். பின்சக்கரத்தில் முந்தானை சிக்காமலிருக்க வலை. எல்லாவற்றுக்கும் மேலாக, சுருள்வில் வைத்த அகன்ற தோல் இருக்கை. இருக்கையிலேயே மெத்தை இருந்ததால் கால்சட்டையில் மெத்தை வேண்டியிருக்கவில்லை. அதுவும் போதாதவர்கள் கடையில் ஒரு சீட் கவர் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

இதற்கு உடலமைப்பு சார்ந்த காரணமும் உண்டு. கைப்பிடி உயரமாக இருக்கும் வண்டியில் முதுகு நிமிர்ந்து நிற்கும். உடலின் எடை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகளில், அதாவது திண்ணையில் உட்காரும்போது தாங்கும் அதே எலும்புகளில், இறங்கும். அவை எடை தாங்குவதற்கென்றே அமைந்தவை. அகன்ற இருக்கையும் நிமிர்ந்த முதுகும் சேர்ந்தால் லுங்கியோடு பத்துக் கிலோமீட்டர் போவதில் தொல்லை அதிகமில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றதும் இந்த வண்டிகளில்தான். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காதபோது, புடவையோடே ஆண்கள் வண்டியில் ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் இருந்ததாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். தமிழ்நாட்டு அரசு 2001 முதல் மாணவியருக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டியும் சீருடைக்கேற்ற தாழ்ந்த கம்பி வண்டிதான்.

கம்பளியும் தோலும்

ஐரோப்பாவில் கதை வேறு திசையில் போயிற்று. ஸ்டார்லியின் ரோவர் வண்டி 1885இலும் டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888இலும் வந்தபின், சைக்கிள் பந்தயம் வேகமாகப் பரவியது. 1891இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், 1903இல் டூர் டி பிரான்ஸ். பந்தயக்காரர் காற்றை வெட்டிச் செல்லக் குனிந்தாக வேண்டும். குனிந்தால் இடுப்பெலும்பு முன்புறம் சாயும். எடை எலும்பு முனைகளை விட்டுக் கால்களுக்கிடையிலுள்ள மென்மையான தசைக்கும் நரம்புக்கும் வரும். வேகமாக மிதிக்கத் தொடைகளுக்கு இடம் வேண்டுமாதலால் இருக்கையும் குறுகிப்போயிற்று. மெத்தை வண்டியிலிருந்து இறங்கிவிட்டது. அது வேறெங்காவது ஏறித்தானே ஆகவேண்டும்? அது கால்சட்டைக்குள் ஏறியது.

அந்தக் கால்சட்டை கம்பளி நூலால் பின்னிய கருப்பு நிக்கர். உள்ளே ஷாமி எனப்படும் மென்தோல். ஷாமி என்பது ஆல்ப்ஸ் மலையில் வாழும் ஆட்டைப் போன்ற ஒரு விலங்கின் பெயரிலிருந்து வந்தது. பின்னாளில் செம்மறித் தோலே அப்பெயரில் விற்றது. மீனெண்ணெய் ஊட்டிப் பதப்படுத்தப்படும் இத்தோல் துணிபோல் குழையும், ஈரத்தை உறிஞ்சும். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே ஒரு தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்பது இங்கே நினைவுக்கு வராமல் போகாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு நடந்த குரோம் லெதர் கம்பெனியே ஊருக்குப் பெயர் தந்தது. ஆனால் அது குரோமிய உப்பால் பதனிடும் முறை. செருப்புக்கும் பைக்கும் உகந்த உறுதியான தோல் அதில் கிடைக்கும். சைக்கிள் கால்சட்டைக்கு வேண்டிய தோல் அதற்கு நேர்மாறானது.

ஷாமித் தோலில் ஒரு சிக்கல் இருந்தது. துவைத்துக் காயவைத்தால் அப்பளம்போல் விறைத்துவிடும். ஒவ்வொரு முறையும் களிம்பு தடவிப் பிசைந்து பதப்படுத்த வேண்டும். இன்று தோல் போய்ச் செயற்கைத் திண்டு வந்துவிட்டது. ஆயினும் தோலைக் குழைக்கப் பயன்பட்ட அந்தக் களிம்பு, உராய்வைத் தடுப்பதற்காக மனிதத் தோலுக்குத் தடவுவதாக மாறி, இன்னும் ‘ஷாமி கிரீம்’ என்றே விற்கிறது.

கம்பளிக்கு வேறொரு சிக்கல். மழையிலும் வியர்வையிலும் நனைந்தால் கனத்துத் தொங்கும். இடுப்பு எலாஸ்டிக்கால் அதைத் தாங்க முடியாது. எனவே பந்தயக்காரர்கள் சட்டைக்கடியில், கோட்டுசூட்டுக்காரர்கள் பேண்டுக்குப் போடுவது போன்ற தோள்வார்களை மாட்டிக்கொண்டார்கள். பிப் ஷார்ட்ஸின் முன்னோடி இதுதான். நாகரிகத்துக்காக அல்ல, ஈரத்தின் எடைக்காகவே தோளின் துணை தேடப்பட்டது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சென்னைக்கு வரும்போது தேவைப்படும்.

லைக்ரா

1958இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர், இழுத்தால் பன்மடங்கு நீண்டு விட்டால் பழைய அளவுக்கே திரும்பும் ஓர் இழையை உருவாக்கினார். பெண்களின் இடுப்பிறுக்க உள்ளாடைகளில் ரப்பருக்கு மாற்றாக அது தேடப்பட்டது. லைக்ரா என்ற வணிகப்பெயரில் வந்த அந்த இழை, நீச்சலுடைக்கும் பனிச்சறுக்கு உடைக்கும் போய், 1970களின் பிற்பகுதியில்தான் சைக்கிளுக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் அசோஸ், இத்தாலியின் காஸ்டெல்லி ஆகிய இரு நிறுவனங்களும் அதில் முன்னின்றன. ஓரிரு ஆண்டுகளில் கம்பளி நிக்கர் பழங்கதையாயிற்று. தனியாக மாட்டிய தோள்வார், கால்சட்டையோடே சேர்த்துத் தைத்த பட்டையாக மாறி, 1980களில் பிப் ஷார்ட்ஸ் பந்தயக்காரர்களின் பொது உடையாயிற்று. கருப்பு நிறம் மட்டும் நீடித்தது. எண்ணெய்க் கறையும் இருக்கைத் தோலின் சாயமும் அதில் தெரியாது.

சமதரையில் நெடும்பயணம்

தென்சென்னைப் புறநகருக்கு இந்த உடை வந்தது 21ஆம் நூற்றாண்டில், கியர் வைத்த ரோடு பைக்கோடு சேர்ந்து. ஐ.டி. நிறுவனங்களின் வளர்ச்சி, வார இறுதியில் ஓட்டும் குழுக்கள், பிரான்சில் 1904இல் தோன்றிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த நெடுந்தூரப் பயண முறை ஆகியவை இதற்குத் துணைநின்றன. ஆடாக்ஸ் முறையில் 200 கி.மீ. தூரத்தை 13½ மணி நேரத்திலும், 300 கி.மீ. தூரத்தை 20 மணி நேரத்திலும், 600 கி.மீ. தூரத்தை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். 1200 கி.மீ. கொண்ட பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்துக்கு 2019இல் 300க்கும் மேற்பட்ட இந்தியர்கள் சென்றார்கள். ஒரு தலைமுறைக்கு முன் நிலையம்வரை மூன்று கிலோமீட்டர் ஓட்டிய ஊரிலிருந்து, திண்டிவனம்வரை போய்த் திரும்பும் சைக்கிள்காரர்கள் புறப்பட்டார்கள்.

இங்கேதான் இடத்தின் இயல்பு முக்கியமாகிறது. மலைப்பாதையில் ஓட்டுபவர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பார். இறக்கத்தில் மிதிக்காமலே போவார். உட்காரும் இடத்துக்கு ஓய்வு கிடைக்கும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போனாலும், கேளம்பாக்கம் வழியாக மாமல்லபுரம் போனாலும், பாதை பெரும்பாலும் சமதரை. மேம்பாலங்களை விட்டால் எழுந்து நிற்கக் காரணமே இல்லை. இரண்டு மணி நேரமும் ஒரே இடத்தில் ஒரே அழுத்தம். ஆகவே உதகை ஏறுபவரைவிடச் சமதரையில் ஓட்டுபவருக்கே நல்ல திண்டு அதிகம் தேவை.

அடுத்தது வியர்வை. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்குள் திண்டு நனைந்துவிடும். நனைந்த திண்டு கனக்கும். கனத்தால் இடுப்பு எலாஸ்டிக்கை மீறிக் கீழிறங்கும். இறங்கிய திண்டு தொடைக்கும் இருக்கைக்கும் இடையில் மடிந்து உராயும். தொடையிடுக்கில் புண் வருவது இப்படித்தான். ஐரோப்பாவில் நனைந்த கம்பளி செய்த வேலையை இங்கு நனைந்த திண்டு செய்கிறது. தீர்வும் அதே தோள்பட்டைதான். ‘இந்த வெயிலில் மார்பிலும் முதுகிலும் இன்னொரு துணியா?’ என்ற வாதம் நியாயமாகத் தோன்றினாலும், நல்ல பிப்பின் மேற்பகுதி வலைத்துணியால் ஆனது. அதனால் கூடும் வெப்பம் சிறிது. குனியும்போது வயிற்றை வெட்டும் எலாஸ்டிக் இல்லை என்பது, தொந்தி உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி.

ஆயினும் பிப்தான் எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்வது சரியாகாது. வண்டலூர்வரை போய்த் திரும்பும் இருபது கிலோமீட்டருக்கு, திண்டு நன்றாக அமைந்த சாதாரண ஷார்ட்ஸே போதும். அதே விலையில் பிப் வாங்கினால் திண்டு மட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டையைவிடத் திண்டே முதன்மை. உள்ளே ஜட்டி போடுவது எந்த வகையானாலும் கூடாது. அதன் தையல் விளிம்பே புண்ணை உண்டாக்கும். புதியவர்கள் பெரும்பாலோர் படும் பாட்டுக்கு அதுதான் காரணம். துவைத்ததைச் சித்திரை வெயிலில் போட்டால் லைக்ராவின் இழுவை விரைவில் செத்துவிடும். நிழலில், உட்புறத்தை வெளியே திருப்பி உலர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஒரே இரவில் காயாது என்பதால், தொடர்ந்து ஓட்டுபவருக்கு விலையுயர்ந்த ஒன்றைவிட நடுத்தர விலையில் இரண்டு பயன்படும்.

பெண்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் கடினமானது. பிப் அணிந்தவர் சிறுநீர் கழிக்க மேற்சட்டையைக் கழற்றித் தோள்பட்டைகளை இறக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஆண்கள் ஒரு மரத்தடியைத் தேடிக்கொள்வார்கள். பெண்களுக்குப் பெட்ரோல் பங்க்குக் கழிப்பறையை விட்டால் வழியில்லை, அதுவும் திறந்திருந்தால்தான். பின்புறம் மட்டும் இறக்கிக்கொள்ளும்படி கொக்கியோ பிரியும் பட்டையோ வைத்த பெண்கள் பிப் இப்போது கிடைக்கிறது, விலைதான் அதிகம். 200 கி.மீ. ஓட்டும் பெண்கள் சாதாரண ஷார்ட்ஸோடே போவதைப் பழக்கமின்மை என்று சிலர் நினைப்பதுண்டு. கழிப்பறைக் கணக்குத் தெரியாதவர்கள் சொல்வது அது. தேநீர்க் கடையில் நிற்கும்போது லைக்ராவுக்கு மேல் ஒரு தொளதொளத்த கால்சட்டையை மாட்டிக்கொள்ளும் வழக்கம், ஆண்களிடமும் உண்டு.

அதே விடியற்காலையில் அதே சாலையின் ஓரத்தில் வேறு சைக்கிள்காரர்களும் போகிறார்கள். பால் கேனோடு போகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், இரவுக் காவல் முடிந்து திரும்புகிறவர். லுங்கியோ பழைய பேண்ட்டோ அணிந்து, அகன்ற இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள். பிப்பா ஷார்ட்ஸா என்ற கேள்வி அவர்களிடம் எழுவதில்லை. அவர்களுடைய மெத்தை இன்னும் வண்டியிலேயே இருக்கிறது, பெரும்பாலும் ஓரம் கிழிந்த சீட் கவருக்குள்.