கஞ்சா டாக்டர்

தலைப்பைப் பார்த்துட்டு யாரும் போலீஸுக்கு போன் போட்டுடாதீங்க :) இது நூத்தி முப்பது வருஷத்துப் பழைய சமாச்சாரம்.

எங்க தாத்தா எள்ளு அறுக்கிற நாளை யாரிடமும் கேட்க மாட்டார். அடி இலை பழுத்து உதிர்ந்து, அடிக்காய் மஞ்சளானதும் ஆள் கூப்பிட்டு விடுவார். நாள் தள்ளினால் காய் வெடித்து பாதி எள்ளு மண்ணோடு போகும். அந்த மாதிரி ஒரு கண்ணைத்தான் 1894-ல் வந்த இந்தியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன் அறிக்கையிலும் பார்த்தேன். ஏழு வால்யூம், 1,193 சாட்சிகள். கஞ்சாவைத் தடை செய்யலாமா என்று கேட்டதற்கு, மிதமாக உபயோகித்தால் பெரிய கெடுதல் இல்லை, தடை வேண்டாம், வரி போட்டு கட்டுப்படுத்து என்று சொல்லி முடித்தார்கள். (வரி வருமானம் போயிடுமேன்னு ஒரு கவலையும் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.)

எனக்குப் பிடித்தது அந்தத் தீர்ப்பு இல்லை, நௌகாவ் விவசாயிகளைப் பற்றிய பகுதி. இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கும் ஊர். அன்றைக்கு வங்காள மாகாணத்தில் அரசாங்க லைசென்ஸோடு கஞ்சா விளைந்தது அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். ஆகஸ்ட்டில் நாற்றங்கால், செப்டம்பரில் நடவு. ஜனவரி கடைசி வாக்கில் கீழ் இலைகள் மஞ்சளாகிக் கொட்டும், பூங்கொத்தின் பச்சை மங்கி பழுப்பு ஏறும். அப்போது அறுக்கணும். முந்தினால் பிசின் போதாது, பிந்தினால் காய்ந்து போகும்.

ஆனால் அந்த அறுவடையின் தலையெழுத்து நவம்பரிலேயே முடிவாகிவிடும். கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. ஆண் பூவின் மகரந்தம் பட்டால் பெண் செடி விதை பிடித்துவிடும், பிசின் குறைந்துவிடும். அறுத்ததை வெயிலில் போட்டு, காலால் மிதித்துத் தட்டையாக்கித்தான் சரக்கு செய்வார்கள். பிசின் இல்லாவிட்டால் அது ஒட்டவே ஒட்டாது. அதனால் பூ விரிவதற்கு முன்பே ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்க ஒரு ஆள் வருவார். போத்தார் அல்லது பரக்தார் என்று பெயர். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்தான் கஞ்சா டாக்டர். போத்தார் என்றால் வங்காளியில் நாணயம் சோதிக்கிறவர். நல்ல காசு, கள்ளக் காசு பார்க்கிற ஆள். பெயரை யார் வைத்தார்களோ, பொருத்தமாக வைத்திருக்கிறார்கள்! ஒரு தடவை பார்த்தால் போதாது, மறுபடியும் வயலில் இறங்கித் தேடணும். ஒரு செடி தப்பினாலும் அது பக்கத்து வயல்காரன் பிழைப்பிலும் மண்ணைப் போட்டுவிடும், மகரந்தத்துக்கு வரப்பு தெரியாதே.

இந்தப் பிரிக்கிற வேலை நௌகாவுக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் 1765 ஆகஸ்ட்டில் ஆண் செடிகளைப் பிரிக்க ஆரம்பித்ததாகவும், கொஞ்சம் லேட்டாகிவிட்டதாகவும் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். உடனே 'வாஷிங்டனே புகைத்தார்' என்று கிளம்பிவிட்டார்கள். அவர் பயிரிட்டது நாருக்காகங்க! நாருக்கு ஆண் செடியை முதலில் எடுத்துவிட்டு, பெண் செடியை விதைக்கு விடுவார்கள்.

நௌகாவில் 1917-ல் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் கூட வைத்தார்கள். 1987-ல் வங்கதேச அரசு சாகுபடியை நிறுத்தியது. அந்த நவம்பரில் ஆண் செடி தேடி வயலில் இறங்க யாருக்கும் வேலை இல்லை.