பணம் மறைத்த குடி, பெயர் துறந்த கூட்டம்

உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று பேர் வாங்கிய ஊர் ஏக்ரன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறது. குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் என்று பெரிய டயர் கம்பெனிகள் அங்கேதான் வளர்ந்தன. 1900-ல் தன் கம்பெனியைத் தொடங்கிய ஹார்வி ஃபயர்ஸ்டோன், ஹென்றி ஃபோர்டின் கார்களுக்கு டயர் கொடுத்தே பெருஞ்செல்வரானார். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் ரஸ்ஸல். வீட்டில் கூப்பிடும் பெயர் பட். அவர் மொடாக்குடிகாரர்.

அப்பா செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. காசு கேட்ட இடத்துக்கெல்லாம் காசு போயிற்று. சானடோரியத்திலிருந்து திரும்பி வந்த பிள்ளை மறுபடியும் குடித்தார். 1931-ல் கம்பெனி அதிகாரியான ஜிம் நியூட்டன் என்ற இளைஞர் பட்டை டென்வரில் நடந்த ஒரு கிறிஸ்தவ மாநாட்டுக்கு அழைத்துப் போனார். திரும்பும் வழியில், ரயில் பெட்டியில், சாம் ஷூமேக்கர் என்ற நியூயார்க் பாதிரியாரிடம் பட் தன் நிலையை மறைக்காமல் சொல்லி அழுதார். குடி நின்றது. ஷூமேக்கர் 'ஆக்ஸ்ஃபோர்டு குழு' என்ற சமய இயக்கத்தைச் சேர்ந்தவர். குளிர்ந்துபோன ஹார்வி ஃபயர்ஸ்டோன், 1933 ஜனவரியில் அந்த இயக்கத்தையே ஏக்ரனுக்கு வரவழைத்துத் தடபுடலாக வரவேற்பு கொடுத்தார். கூட்டங்களுக்குச் சனம் திரண்டது. ஊரில் அந்த இயக்கம் வேர்பிடித்தது.

பட்டின் தெளிவு நீடிக்கவில்லை. மறுபடியும் பாட்டிலுக்கே போனார். ஆனால் அப்பா ஊன்றிவிட்டுப் போன அந்தக் கூட்டத்துக்கு டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரின் மனைவி ஆன் வந்துகொண்டிருந்தார். கணவரையும் இழுத்து வந்தார். டாக்டர் இரண்டரை வருஷம் கூட்டத்துக்கும் வந்தார், குடிக்கவும் செய்தார்.

இந்த டாக்டரின் குடியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். நிலவறையில் கரி கொட்டும் தொட்டி, அழுக்குத் துணி தள்ளும் குழாய், உத்தரத்தின் மேல் இடுக்கு என்று வீட்டில் அவர் பாட்டில் ஒளிக்காத இடமில்லை. 4 அவுன்ஸ் சீசாக்களைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு மனைவி முன்னாலேயே வீட்டுக்குள் நடந்து வருவார். சாயந்திரம் குடித்ததன் நடுக்கம் காலையில் கையில் தெரியாமலிருக்கத் தூக்க மருந்து. மருந்தோடு போய் ஆபரேஷன். ஊர் மதிக்கும் டாக்டர் என்பதால் கேள்வி கேட்க ஆள் இல்லை. மதுவிலக்குச் சட்டம் 1920-லிருந்து 1933 வரை அமலில் இருந்தபோதும் அவருக்குச் சரக்குக்குப் பஞ்சம் வரவில்லை. கள்ளச்சரக்கு கொண்டு வருபவர் வீட்டுப் பின்படியில் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்.

சட்டம் எப்போதும் வசதிக்காரன் வாசலில் கொஞ்சம் தயங்கித்தான் நின்றிருக்கிறது. நியூயார்க்கின் யேல் கிளப், மதுவிலக்கு வருவதற்கு முன்பே 14 வருஷத்துக்குத் தேவையான மதுவை வாங்கிச் சேர்த்து வைத்தது. அதில் சட்டமீறல் ஏதும் இல்லை. மதுவிலக்குக் காலத்துத் தமிழ்நாட்டிலும் கையில் காசு உள்ளவருக்குப் பெர்மிட் கிடைத்தது, கூலிக்காரருக்குக் கிடைத்தது கள்ளச்சாராயமும் ஜெயிலும்.

இனி நியூயார்க். பில் வில்சன் பங்குச் சந்தை ஆள். கம்பெனிகளை நேரில் போய் அலசி, எந்தப் பங்கு ஏறும் என்று முதலாளிகளுக்குச் சொல்லிச் சம்பாதித்தவர். 1929 சரிவில் எல்லாம் போயிற்று. சென்ட்ரல் பார்க் ஓரத்தில், பணக்காரக் குடிகாரர்களுக்கென்றே பெயர்பெற்ற டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் அவரைத் திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள். மைத்துனர் பணம் கட்டினார். 1934 நவம்பரில் பழைய குடித்தோழர் எபி தாட்சர், தான் குடியை விட்ட செய்தியோடு, பில்லின் புரூக்ளின் வீட்டுக்கு வந்தார். எபி, ஆல்பனி நகரத்து மேயர்களைத் தந்த குடும்பம், அண்ணனே அப்போது மேயர். அவரைக் குடியிலிருந்து தூக்கிவிட்டவர்களில் ஒருவர் ரோலண்ட் ஹசார்ட், ரோட் ஐலண்டின் நெசவாலைக் குடும்பத்துப் பிள்ளை. ஹசார்டின் பணம் அவரை ஜூரிச் வரை கொண்டுபோய் உளவியல் மேதை கார்ல் யுங்கிடம் சேர்த்திருந்தது. யுங்கோ மருத்துவத்தால் ஆகாது, உள்ளே ஒரு பெரிய மாற்றம் வந்தால்தான் உண்டு என்று கைவிரித்தார். உலகத்திலேயே பெரிய டாக்டர் தன்னால் முடியாது என்று நேர்மையாகச் சொன்ன அந்தப் பேச்சுதான், காசு கொடுத்து வாங்கிய வைத்தியத்திலேயே பலித்த வைத்தியம்.

டிசம்பரில் பில் கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தார். குடி விட்டிருந்தது. 1935 மே மாதம் ஒரு கம்பெனி விவகாரமாக ஏக்ரன் போனவர் அதில் தோற்று, மேஃப்ளவர் ஹோட்டல் வரவேற்பறையில் நின்றார். ஒரு பக்கம் பாரின் சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் போன். அவர் போனை எடுத்தார். தேடியது இன்னொரு குடிகாரரை, பேசுவதற்காக. ஒரு பாதிரியார் மூலம் ஹென்ரியட்டா சீபர்லிங்கின் தொடர்பு கிடைத்தது. குட்இயரைத் தொடங்கிய ஃபிராங்க் சீபர்லிங்கின் மருமகள். அந்தக் குடும்பத்து மாளிகையின் வாயில் வீட்டில், மே 12, அன்னையர் தினத்தன்று, டாக்டர் பாப் வந்து உட்கார்ந்தார். 15 நிமிஷம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தவர். பேச்சு ஆறு மணி நேரம் தாண்டியது. பில் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். அது டாக்டருக்குப் புதுசு.

அதன் பிறகும் டாக்டர் ஒருமுறை சறுக்கினார். அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவ மாநாட்டுக்குப் போய் முழுக்கக் குடித்துவிட்டு வந்தார். ஜூன் 10 காலையில் ஆபரேஷன் இருந்தது. கை நடுங்கியது. நடுக்கம் அடங்க பில் ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். அதுவே டாக்டர் பாப் குடித்த கடைசி மது. இறந்தது 1950-ல். அந்த ஜூன் 10 தான், குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. இயக்கம் பிறந்த நாள்.

ஆக, ஏ.ஏ. பிறந்த கதையில் பணக்கார வீடுகளுக்குக் குறைவே இல்லை. ஃபயர்ஸ்டோன், சீபர்லிங், ஹசார்ட், தாட்சர். இத்தனை செல்வத்தின் நடுவில் பிறந்த இயக்கம், செல்வத்தையும் புகழையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. இதன் வரலாற்றிலேயே வியக்கத்தக்க முடிவு அதுதான்.

உடனே எடுத்த முடிவல்ல அது. ஆரம்பத்தில் பில் கண்டது ஆஸ்பத்திரிகள், சம்பள ஊழியர்கள் என்று பெரிய கனவு. 1937 கடைசியில் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரின் ஆட்களைச் சந்தித்தார்கள். அவர்களில் ஏக்ரன் போய்ப் பார்த்துவந்த ஒருவர் 50,000 டாலர் தரலாம் என்றார். ராக்ஃபெல்லர் கொடுத்தது 5,000. பணம் இதைக் கெடுத்துவிடும் என்பது அவர் எண்ணம். அதில் 3,000 டாக்டர் பாபின் வீட்டுக் கடனுக்குப் போயிற்று. 1940 பிப்ரவரியில் யூனியன் கிளப்பில் நியூயார்க்கின் பெரும்புள்ளிகளுக்கு விருந்து வைத்தார்கள். இன்றைக்குப் பெட்டி நிறையும் என்று ஏ.ஏ. ஆட்கள் காத்திருந்தார்கள். நெல்சன் ராக்ஃபெல்லர் எழுந்து, இந்த வேலைக்குப் பணம் தேவையில்லை, நல்லெண்ணம் போதும் என்று பேசி உட்கார்ந்தார். கோடிகள் எழுந்து வீட்டுக்குப் போயின.

அந்த ஏமாற்றம் பிறகு கொள்கையாயிற்று. 1948-ல் ஓர் உயில் மூலம் வந்த 10,000 டாலரை ஏ.ஏ. வேண்டாமென்று திருப்பியது. உறுப்பினர் போடும் காசில்தான் கூட்டம் நடக்க வேண்டும், வெளிப்பணம் கூடாது. ஒரு நண்பர் காபிச் செலவுக்குப் போடும் சில்லறையும் ஒரு கோடீஸ்வரர் போடுவதும் அந்த அறையில் ஒன்றாகவே விழ வேண்டும் என்பதில் அவர்கள் பிடிவாதமாக நின்றார்கள்.

புகழ் விஷயத்தில் பாடம் கற்பித்தவர் ஒரு பேஸ்பால் வீரர். கிளீவ்லண்ட் அணியின் கேட்சர் ரோலி ஹெம்ஸ்லி. ரயிலிலும் ஹோட்டலிலும் குடித்துக் கலாட்டா செய்து பெயர் எடுத்தவர். 1940 ஏப்ரல் 16, சீசனின் முதல் நாள், பாப் ஃபெல்லர் எதிரணிக்கு ஒரு 'ஹிட்' கூடக் கொடுக்காமல் பந்து வீசிய வரலாற்று ஆட்டத்தில் பந்து பிடித்தவர் இவர். ஆட்டத்தின் ஒரே ரன்னுக்கு வழிவிட்ட அடியும் இவருடையதே. அதையொட்டி, தான் ஏ.ஏ. மூலம் குடியை விட்டதாகப் பத்திரிகைகளிடம் சொல்லிவிட்டார். விளம்பரம் கொட்டியது. பில்லுக்கும் அதைப் பார்த்து ஆசை வந்து, ஊர் ஊராகத் தன் பெயரையும் படத்தையும் பத்திரிகையில் போட விட்டார். பின்னாளில் அதற்காக வருந்தினார். பிரபலமான ஒருவர் தன்னையே இயக்கத்தின் முகமாக ஆக்கிக்கொண்டு, பிறகு சறுக்கினால், அவரைப் பார்த்து நம்பிக்கை வைத்தவன் என்ன ஆவான்? எந்தப் பத்திரிகையிலும் உறுப்பினர் முழுப் பெயர் கூடாது என்பது 1950-ல் கிளீவ்லண்ட் மாநாட்டில் ஏற்கப்பட்ட 12 மரபுகளில் ஒன்றாயிற்று. யேல் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டத்தையே பில் மறுத்தார். 1971 ஜனவரியில் அவர் இறந்த பிறகுதான் அவருடைய முழுப் பெயர் பொதுவில் பரவலாகத் தெரிய வந்தது.

அதிகாரம் எவ்வளவு தூரம் குடியை மூடிவைக்கும் என்பதற்கு வில்பர் மில்ஸ் ஒருவரே போதும். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வரிக் குழுவுக்கு 1958-லிருந்து தலைவர், ஜனாதிபதிகளே காத்து நின்ற ஆள். 1974 அக்டோபரில் வாஷிங்டனில் நள்ளிரவு தாண்டி விளக்கில்லாமல் போன காரைப் போலீஸ் நிறுத்தியது. உள்ளே மில்ஸ், குடிபோதையில். கூட இருந்த நடன மங்கை இறங்கி ஓடிப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் குதித்தார். விஷயம் உலகமெங்கும் வந்தது. அடுத்த மாதத் தேர்தலில் ஆர்கன்சா தொகுதி அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது! பதவி பறிபோன பிறகுதான் சிகிச்சைக்குப் போனார். மிச்ச காலத்தைக் குடிநோயாளிகளுக்கு உதவுவதிலேயே கழித்தார்.

பெட்டி ஃபோர்டின் கதை வேறு மாதிரி. ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டின் மனைவி. நரம்பு வலிக்கென்று ஆரம்பித்த மாத்திரைகளும் மதுவும் சேர்ந்துகொண்டன. வெள்ளை மாளிகையில் யாரும் வாய் திறக்கவில்லை. 1978 ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியாவின் ராஞ்சோ மிராஜ் வீட்டில் கணவரும் நான்கு பிள்ளைகளும் டாக்டரோடு சுற்றி உட்கார்ந்து, அவர் குடியால் தங்களுக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். லாங் பீச் கடற்படை ஆஸ்பத்திரிக்குப் போனபோது தனி அறை கேட்டார். நான்கு கட்டில் போட்ட அறையைக் காட்டினார்கள். தனி அறைதான் வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் பெண்களை வெளியேற்றித் தருகிறேன் என்றார் டாக்டர் ஜோசப் பர்ஷ். வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்று பெட்டி ஒப்புக்கொண்டார். முதல் அறிக்கையில் மாத்திரை மட்டுமே வந்தது. சில நாட்கள் கழித்துத்தான் மதுவையும் ஊரறிய ஒப்புக்கொண்டார். கணவருக்கு அவமானம் ஆகிவிடுமே என்ற பயம் அதுவரை தடுத்தது. நம் வீடுகளிலும் இதே பயம்தான் எத்தனையோ பேரை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது.

1982 அக்டோபரில் ராஞ்சோ மிராஜில் பெட்டி ஃபோர்டு மையம் திறந்தது. கூட நின்று அதைக் கட்டியவர் பக்கத்து வீட்டுக்காரர், முன்னாள் தூதர், தானும் குடியை விட்டவர். பெயர் லியோனார்டு ஃபயர்ஸ்டோன். ரயிலில் அழுத பட்டின் தம்பி! அண்ணனுக்குக் கைகூடாதது தம்பிக்குக் கைகூடிற்று. அந்த மையத்திலும் அப்போது தனி அறை தரவில்லை. எலிசபெத் டெய்லர் 1983 டிசம்பரில் சேர்ந்தபோது அறையைப் பகிர்ந்துகொண்டார், எல்லோரையும் போல வேலைமுறை வந்தபோது கூட்டிப் பெருக்கினார், தான் அங்கே இருப்பதை உலகத்துக்கும் சொன்னார். 1988-ல் அவர் மறுபடி அங்கே போக வேண்டியிருந்தது. அதையும் மறைக்கவில்லை. ஏ.ஏ. பெயரை மறைக்கச் சொன்னது, பெட்டியும் டெய்லரும் பெயரைச் சொன்னார்கள். இரண்டும் முரணாகத் தோன்றலாம். ஆனால் அறைக்குள் பெயருக்கு மதிப்பில்லை என்பதில் இரண்டு பக்கமும் ஒன்று.

மினசோட்டாவில் 1949-ல் ஒரு பண்ணை வீட்டில் தொடங்கிய ஹேசல்டன் சிகிச்சை மையத்தின் ஆரம்ப கால விதிகளும் இவ்வளவுதான். படுக்கையை நீயே மடி, மரியாதையாக நட, வகுப்புக்கு வா, மற்றவர்களோடு பேசு. வேலைக்காரர் வைத்துப் பழகியவருக்கு இதில் முதல் விதியே கஷ்டம்.

அந்த ஹேசல்டனில் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் சென்னையின் சாந்தி ரங்கநாதன். மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்து மருமகள். கணவர் டி.டி. ரங்கநாதன் இளவயதிலேயே, 1979-ல், குடிநோய்க்குப் பலியானார். நாட்டின் பெரிய தொழில் குடும்பங்களில் ஒன்று, எந்த வைத்தியத்துக்கும் வழியிருந்த வீடு. அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. சாந்தி அடுத்த வருஷமே, 1980-ல், கணவர் பெயரில் மருத்துவ அறக்கட்டளை தொடங்கினார். சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று ஊர் சொல்வது இதைத்தான். நோயாளியோடு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசும் முறை அங்கே வந்தது. மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டுக் கூலித் தொழிலாளிகளுக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. குடும்பத்து மானம் என்று மூடி வைத்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

குடியை விடப் பணம் உதவாது என்று சொல்வது பொய். சிகிச்சைக்கு லீவு, திரும்பி வந்தால் வேலை, குடும்பத்துக்குச் சோறு, இவை இருப்பவருக்குப் பாதை கொஞ்சம் எளிது. டாஸ்மாக் கடையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்ற நிலையில் உள்ள கொத்தனாருக்கு அது இல்லை. பணம் கெடுதல் செய்வது அதற்கு முந்தைய கட்டத்தில். டிரைவர், காரியதரிசி, குடும்ப டாக்டர், சொந்தக்காரர் என்று ஆளாளுக்குச் சேர்ந்து மூடி, ஒப்புக்கொள்ளும் நாளைத் தள்ளிப்போட வைக்கிறார்கள். தள்ளிப்போகும் வருஷங்களில் ஈரல் காத்திருப்பதில்லை.

உங்கள் வீட்டிலோ சுற்றத்திலோ ஒருவர் இப்படி இருந்தால் அவருக்காகப் பொய் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். ஏ.ஏ. கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயர் கேட்பதில்லை, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. கட்டணமில்லா அழைப்பு.