மனைக்கு முன் தண்ணீர்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் ஒரு பாலைவன நகரம். அதன் சராசரி ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே மனைப்பிரிவு அமைக்க விரும்புவோர், அந்த மனைகளுக்கு 100 ஆண்டுகளுக்கான தண்ணீர் உறுதியாகக் கிடைக்கும் என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். 1980-இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தின் வழிவந்த விதி இது. நிலத்தடி நீரை மட்டுமே நம்பும் புதிய மனைப்பிரிவுகளுக்கு இனி அனுமதியில்லை என்று 2023 ஜூன் மாதத்தில் அம்மாநில அரசு அறிவித்தது.

சென்னையில் பெய்யும் மழை அதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆயினும் 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மழையின் அளவைவிட, அது விழும் நிலத்தை நாம் ஆளும் முறையே இங்கு கேள்விக்குரியது.

நம் நகரத் திட்டமிடலின் தொடக்கமே சற்று விந்தையானது. 1920-இன் சென்னை நகரத் திட்டமிடல் சட்டத்துக்குப் பின் உருவான தியாகராய நகர், மாம்பலம் பகுதியில் நீண்டு கிடந்த ஏரியை வற்றச் செய்து அமைக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. பார்ப்பதற்குத்தான் ஏரி இல்லை.

இப்போதைய விதிகளுள் பயன் தந்தது 2003-இன் மழைநீர் சேகரிப்பு அவசரச் சட்டம். பழைய கட்டடங்களையும் அது விட்டுவைக்கவில்லை. மயிலாப்பூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணற்பாங்கான இடங்களில் கிணறுகளின் நீர்மட்டம் உயர்ந்தது, உப்பும் குறைந்தது. களிமண் மிகுந்த இடங்களில் ஆழமில்லாத உறிஞ்சுகுழி போதாது. மணல் அடுக்கைத் தொடும் மீள்நிரப்புக் கிணறு வேண்டும். அனுமதி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டால் மண் அதற்கு இணங்கிவிடாது.

இதில் பொருளியல் மாணவர்கள் அறிந்த பழைய சிக்கல் ஒன்று உண்டு. குழி வெட்டும் செலவு ஒருவருடையது. ஊறும் நீர் தெருவுக்கே பொது. வீட்டை விற்றுவிட்டுப் போகும் கட்டுநருக்கு அந்தக் குழி தூர்ந்தால் என்ன? குடியிருப்போருக்கோ, லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுக்கும் மாதம் வரை அது நினைவுக்கு வருவதில்லை. ஆகவே தொடர்ந்த ஆய்வு தேவை. ஆனால் போக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி பெறலாம். பணி நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்பதால் வரவேற்கத்தக்கதே. எனினும் மழைநீர்க் குழியைப் பார்க்க யார் வருவார்?

பெரிய நிலங்களின் கதை வேறு. 2022-இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அதன் தாக்க மண்டலம் அறிவியல் முறையில் வரையறுக்கப்படும்வரை, சதுப்பு நிலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதி கூடாது என 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. கட்டுமான நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அவர்களது புகாரிலும் நியாயம் உண்டு: எல்லையை வரைந்த பிறகே நிலச்சந்தை இயங்க வேண்டும், இங்கோ பத்திரப்பதிவும் வங்கிக் கடனும் முடிந்தபின் எல்லை தேடுகிறோம். அந்தத் தாமதத்தின் விலையைச் செலுத்துவது பெரும்பாலும் தவணை கட்டும் நடுத்தரக் குடும்பம்.

சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது பெருந்திட்டம் தயாராகி வருகிறது. நீர்நிலைகளின் எல்லையும் வெள்ளநீர் செல்லும் வழியும் சர்வே எண் வாரியாக அதில் இடம்பெற வேண்டும். பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்கு, குடிநீர் எந்த ஆதாரத்திலிருந்து எவ்வளவு வரும் என்ற கணக்கைக் குடிநீர் வாரியம் சான்றளித்த பின்னரே திட்ட அனுமதி வழங்க வேண்டும். நூறு ஆண்டுக் கணக்குக் கேட்கவில்லை. முப்பது ஆண்டுக்குக் காட்டினாலே போதும்.